சரசு ரூம் கொடுப்பாளா?

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி உள்ளே போகும் சந்து ஒன்றில், ஆறே ஆறு ரூம்கள் கொண்ட கெஸ்ட் ஹவுஸ் ஒன்று இருக்கிறது. முதலாளி சென்னையில். இங்கே யாருக்கு ரூம், யாருக்கு இல்லை என்று பதினோரு வருடமாக முடிவு செய்கிறவள் சரசு. அந்த முடிவுக்கு அவள் எடுத்துக்கொள்ளும் நேரம், வந்தவர் கேட்டைத் திறந்து, நாலு எட்டு நடந்து, வாசலில் செருப்பைக் கழற்றும் நேரம்தான். ஆதார் கார்டு, பாஸ்போர்ட் எல்லாம் அப்புறம்.

அவளிடம் மூன்று பதில்கள் இருந்தன. "ரூம் இருக்கு" என்றால் உடனே சாவி கைக்கு வந்துவிடும். "ரூம் இல்ல" என்றால், ஆறு ரூமும் கதவைத் திறந்துபோட்டுக் காற்று வாங்கிக்கொண்டிருந்தாலும் இல்லைதான். மனசு எந்தப் பக்கமும் சாயாத ஆட்களுக்கு மூன்றாவது பதில்: "இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் இருந்துக்கோங்க." அப்படி ஒரு நாளைக்கு மட்டும் என்று வந்த போபால்காரர் ஒருவர் மூன்றாம் நம்பர் ரூமில் நான்காவது வருடமாக இருக்கிறார். வாசலில் துளசிச்செடிகூட வைத்துவிட்டார்.

இந்தத் தீர்ப்புகள் கெஸ்ட் ஹவுஸ் காம்பவுண்டுக்குள்ளேயே இருந்திருந்தால் வம்பே இல்லை. சரசுவின் ஒரே மகள் ஓவியாதான் அவற்றை ஜப்பான் வரைக்கும் கொண்டுபோனாள்.

ஓவியாவுக்கு இருபத்தாறு வயது. டவுனில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. காலேஜ் ஹாஸ்டலில் தொற்றிக்கொண்ட அனிமே என்கிற ஜப்பான் கார்ட்டூன் பைத்தியம் வேலைக்குப் போன பிறகும் விடவில்லை. ஜப்பான்காரர்கள் வருடத்துக்கு நாலு முறை புதுத் தொடர்களை மொத்தமாக இறக்குவார்கள். ஒவ்வொரு முறையும் முப்பது நாற்பது வரும். எல்லாவற்றையும் யாரால் பார்க்க முடியும்? அதனால் முதல் எபிசோடை மட்டும் பார்த்துவிட்டு, இதைத் தொடரலாம், அதை விட்டுவிடலாம் என்று எழுதுகிற ஆட்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். தமிழில் எழுதுகிறவர்களில் ஓவியாவும் ஒருத்தி.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஏப்ரல் மாதச் சாயங்காலம், அடி அண்ணாமலையில் அவர்கள் வீட்டுக் கூடத்தில், ஓவியா புதுத் தொடர் ஒன்றைப் போட்டுவிட்டு நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். வேலை முடிந்து வந்த சரசு முருங்கைக் கீரையோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் வாயில் ரொட்டியைக் கவ்விக்கொண்டு தெருவில் தலைதெறிக்க ஓடினாள்.

"அஞ்சு நிமிஷம் முன்னாடி எழுந்தா உக்காந்து தின்னுட்டுப் போகலாம்" என்றாள் சரசு, கீரையை உருவிக்கொண்டே. "இவ எதுலயும் உருப்பட மாட்டா. ரூம் இல்ல."

ஓவியா எழுதி வைத்திருந்த ஒன்றரைப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, அம்மா சொன்னதை அப்படியே தன் இணையப் பக்கத்தில் போட்டாள். அன்றைக்கு இருநூறு பேர் சிரித்தார்கள். பக்கத்தின் பெயர் 'ரூம் இருக்கா?' என்று மாறியது. இப்போது ஒன்பதாயிரத்து நானூறு பேர் அதைப் படிக்கிறார்கள். சரசுவுக்கு மட்டும் இது தெரியாது. தெரிந்தால் அம்மா யோசித்துப் பேச ஆரம்பித்துவிடுவாள், பேச்சில் உப்பு போய்விடும் என்று ஓவியா தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லப் பயம் என்பதுதான் உண்மை.

இந்த ஏப்ரலிலும் கச்சேரி தொடங்கிவிட்டது. சில தொடர்கள் தமிழிலேயே பேசும். மற்றவற்றுக்குத் திரையில் கீழே ஓடும் மொழிபெயர்ப்பைப் பார்த்து ஓவியாதான் வாய்விட்டுச் சொல்வாள். திரையில் ஒரு பையன் ரோட்டைக் கடந்தான். லாரி வந்தது.

"மறுபடியும் லாரியா?" சரசு பூண்டு உரிப்பதை நிறுத்தினாள். "போன தடவையும் ஒருத்தன் லாரியில அடிபட்டுத்தானே ராஜாவாப் பொறந்தான்? அந்த ஊர்ல லைசென்ஸ் யாருடி குடுக்குறாங்க?"

"லாரி இல்லாம வேற உலகத்துக்குப் போக முடியாதும்மா. ரூட்டே அதான்."

"நம்ம ரிங் ரோட்டுக்கு வரச் சொல்லு. பவுர்ணமி கிரிவலத்தன்னிக்கு பஸ்ஸு, வேனுன்னு எது வேணும்னாலும் கெடைக்கும்."

பையன் புது உலகத்தில் கண் விழித்தான், வாள் ஒன்றை எடுத்தான், பூதத்தைக் கொன்றான். சரசு பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிவில் ஒரே வாக்கியம்: "செத்து அரை மணி நேரம் ஆச்சு, பெத்தவ என்ன ஆனான்னு ஒரு வார்த்தை கேட்டானா? ரூம் இல்ல."

ஓவியா சிரித்துக்கொண்டே மொபைலில் தட்டினாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை, அவள் கட்டிக்கொள்ள நினைக்கும் மாறன் இவர்கள் வீட்டுக்கு வருகிறான். சரசுவின் முதல் பார்வை அவன் மேல் விழப்போகிறது.

மாறன் கீழ்பென்னாத்தூர்க்காரன். வீட்டில் நெல்லும் மணிலாக் கடலையும் போடுகிற நிலம் உண்டு. அவனுக்கு அரசு கால்நடை மருந்தகத்தில் ஆய்வாளர் வேலை. ஊரார் வாயில் மாட்டு டாக்டர். பழக்கம் ஒரு சண்டையில்தான் தொடங்கியது. முந்தின அக்டோபரில் 'மழைக்கால விடுதி' என்று ஒரு தொடர் வந்தது. மலைமேல் ஒரு பழைய விடுதி, அதற்கு வாரிசாக வருகிற கூச்ச சுபாவமுள்ள பையன். கொட்டும் மழையில் குடையோடு வந்து நிற்கும் கிழவரிடம், பேசப் பயந்துகொண்டு, ரூம் இல்லை என்று பொய் சொல்லிவிடுவான். முதல் எபிசோட் அங்கே முடியும்.

அன்று சரசு கொதித்துவிட்டாள். "ரூமை வெச்சிகினு இல்லன்னு சொல்றான் பாரு!"

"நீ தினமும் சொல்றதுதானேம்மா?"

"நான் ஆளைப் பார்த்துச் சொல்றேன். அவன் ஆளையே பார்க்காம சொல்றான். இவனுக்குத் தொழிலும் ஆவாது, குடும்பமும் ஆவாது. ரூம் இல்ல!"

அந்தத் தீர்ப்பின் கீழே ஒருவன் எழுதினான்: 'அந்தப் பையனுக்கு ஒரு நாளைக்காவது ரூம் கொடுத்திருக்கலாம்.' ஓவியா பதில் எழுதினாள். அவன் அதற்குப் பதில் எழுதினான். மூன்று வாரம் சண்டை போட்டபின், ஒரு சனிக்கிழமை கண்ணாடிக் கடைக்கே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். கடைசி வரி எழுத்துவரை கடகடவென்று படித்தான்.

"கண்ணுல ஒரு கொறையும் இல்லையே. எதுக்கு வந்தீங்க?" என்றாள் ஓவியா.

"முதல் பார்வையை நம்பலாமான்னு செக் பண்ண வந்தேங்க" என்று சொல்லிச் சிரித்தான். சிரித்தபோது அவன் கண்கள் இரண்டும் கோடாகி, முழுக்க மூடிக்கொண்டன. ஓவியாவின் முதல் பார்வை அங்கேயே முடிந்துபோயிற்று.

ஆறு மாதம் கழித்து, இப்போது, அம்மாவின் முதல் பார்வை. அப்பா சின்னசாமியிடம் ஓவியா முதலிலேயே சொல்லிவிட்டாள். மணிலாக் கொல்லையில் களை பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "எங்கிட்ட சொல்லி இன்னா பண்றது?" என்றார். "எனக்கே இந்த வீட்ல ஒரு நாளைக்கு மட்டும்தான். இருபத்தெட்டு வருஷமா நீட்டிச்சிகினு இருக்கேன்."

"வெளையாடாதீங்கப்பா. அம்மா வேணாம்னு சொல்லிட்டா?"

"சொல்லிட்டா சொன்னதுதான். ஒங்கம்மா மாத்தி நான் பார்த்ததில்ல." பிறகு மகள் முகத்தைப் பார்த்துவிட்டு, "பையனைச் சூதானமா இருக்கச் சொல்லு" என்றார்.

சூதானம் என்று அப்பா சொன்னதைத்தான் ஓவியா பெரிதாக எடுத்துக்கொண்டாள். அம்மா எதைப் பார்ப்பாள் என்பது உலகத்தில் வேறு எவரையும்விட அவளுக்குத் தெரியும். மூன்று வருடத் தீர்ப்புகள், நடுநடுவே கெஸ்ட் ஹவுஸ் ஆட்களைப் பற்றி அம்மா சொன்னவை உட்பட, அவள் கைவசம் இருக்கின்றனவே! மாறனும் அவளும் ஒரு முழு மதியம் பக்கத்தைக் கீழிருந்து மேல்வரை புரட்டி ஒரு பட்டியல் போட்டார்கள். செருப்பை ஜோடியாக, சுவர் ஓரமாக விடுகிறவனுக்கு ரூம் உண்டு. தட்டில் கறிவேப்பிலையை ஒதுக்குகிறவனுக்கு இல்லை. இனிப்பைப் புகழாமல் ரசத்தைப் புகழ்கிறவன் நல்லவன். பெரியவர் உட்காரும்முன் உட்காருகிறவன் தேறமாட்டான். மடியில் போனை வைத்துக்கொண்டு சாப்பிடுகிறவனைப் பற்றிப் பேசவே வேண்டாம். மொத்தம் பதினாலு விஷயங்கள்.

"இதுல ஒண்ணுகூட தப்ப மாட்டேன், ஓவி" என்றான் மாறன்.

அந்த வாக்கைக் காப்பாற்றினான். அதுதான் வினை.

ஞாயிற்றுக்கிழமை வந்தான். ஷூவைக் கழற்றி ஜோடியாகச் சுவர் ஓரமாக வைத்தான். சின்னசாமி உட்காரும்வரை நின்றான். அவரோ வேண்டுமென்றே ஜன்னலைச் சாத்தினார், காலண்டரைப் பார்த்தார், மின்விசிறியைக் கூட்டிக் குறைத்தார். மாறன் சிலைபோல நின்றுகொண்டே இருந்தான். சாப்பாட்டில் கறிவேப்பிலையை மென்று விழுங்கினான். கேசரியைப் பற்றி மூச்சுவிடவில்லை. "ரசம் ரொம்ப நல்லா இருக்குங்கம்மா" என்றான். சாப்பிட்டு முடித்துத் தட்டைத் தானே எடுத்துப்போய்க் கழுவிக் கவிழ்த்தான். ஒவ்வொன்றுக்கும் நடுவில் சரசுவைப் பார்த்துச் சிரித்தான். கண்கள் இரண்டும் மூடிக்கொண்டன.

அவன் பைக் ரிங் ரோட்டில் திரும்புகிறவரை வாசலில் நின்ற சரசு, உள்ளே வந்து சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"ரூம் இல்ல" என்றாள்.

ஓவியா அவள் எதிரே வந்து நின்றாள். "ஏம்மா? என்ன தப்பு பண்ணான்?"

"ஒண்ணுமே பண்ணலையே, அதான் தப்பு. மொத எபிசோட்லயே எல்லாத்தையும் சரியாப் பண்றவன் யாரு? அந்த ஜப்பான் வில்லன்தான். நீதானே மிச்சத்தைப் பார்த்துட்டு வந்து கதை சொல்லுவ? கண்ணை மூடிகினு சிரிச்சி, எல்லாருக்கும் நல்லவனா இருப்பான். ஆறாவது எபிசோட்ல முதுகுல கத்தியை எறக்குவான். எத்தினி பேரைப் பார்த்துட்டோம்!"

"அது பொம்மைப் படம்மா! இவன் கண்ணு சின்னது, சிரிச்சா மூடிக்குது, அவ்ளோதான். நானே டெஸ்ட் பண்ணியிருக்கேன்!"

"ஓ, டெஸ்ட் வேற ஆயிடுச்சா" என்றார் சின்னசாமி, கேசரியை எடுத்துக்கொண்டு.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் சரசு. அவள் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டில் வந்து நிற்கிறவர்களைப் பார்க்கிற பார்வை. "இன்னொண்ணு. கறிவேப்பிலை, ரசம், தட்டு. எல்லாம் என் வாயில வந்தது. நான் உங்கிட்ட சொன்னது. அந்தப் பையன் செய்கையில எப்படி வந்துச்சு?"

இனி மறைக்க வழியில்லை. ஓவியா மொபைலை நீட்டினாள். சரசு கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். ரொட்டிக்காரப் பெண், லாரிப் பையன், குடைக் கிழவர். விரல் மெதுவாகத் திரையைத் தள்ளிக்கொண்டே போனது.

"இதெல்லாம் படிக்கிறாங்களா?"

"ஒன்பதாயிரத்து நானூறு பேரும்மா. எல்லாருக்கும் உன்னை ரொம்பப் புடிக்கும்."

"நான் கீரை ஆய்ஞ்சிகினு உங்கூடப் பேசினேன்" என்றாள் சரசு. "ஊருக்காடி பேசினேன்?"

மொபைலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கத்தியிருந்தால் ஓவியா பதிலுக்குக் கத்தியிருப்பாள். இதற்கு என்ன செய்வது?

திங்களும் செவ்வாயும் டிவி சும்மா இருந்தது. ஏப்ரலின் நல்ல தொடர்கள் எல்லாம் வந்துகொண்டிருந்தன. பக்கத்தில் நூறு பேர், 'அம்மா எங்கே? ரூம் உண்டா இல்லையா?' என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாறன் அதைவிட மோசம். 'பதினாலும் சரியாதானே செஞ்சேன்?' என்று மணிக்கு ஒரு முறை கேட்டான். சரசு வேலைக்குப் போனாள், வந்தாள், சோறு போட்டாள். இதற்கிடையில் யாரோ இரண்டு பேருக்கு ரூம் இல்லை என்று சொன்னதாக அப்பாவிடம் மட்டும் சொன்னாள்.

செவ்வாய் சாயங்காலம் ஓவியா தனியாக டிவி முன்னால் உட்கார்ந்தாள். எதையும் பார்க்க மனமில்லாமல், ஏற்கெனவே பார்த்தவற்றின் வரிசையைத் தள்ளிக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் விரல் நின்றது. 'மழைக்கால விடுதி'. ஒன்று முதல் பன்னிரண்டு வரை எல்லா எபிசோடுகளும் பார்த்து முடிக்கப்பட்டிருந்தன. தமிழ்க் குரலில்.

அவள் பார்க்கவில்லை. அம்மாவின் தீர்ப்புக்கு மரியாதையாக ஒன்றோடு விட்டுவிட்டாள். தொடர்கள் பார்க்கும் இந்த அக்கவுண்ட் அவள் மொபைலில், வீட்டு டிவியில், அப்புறம் போன வருடம் அவளே ஏற்றிக் கொடுத்த அம்மாவின் மொபைலில் இருக்கிறது. பார்த்த நேரங்கள் எல்லாம் மதியம் இரண்டிலிருந்து மூன்று. கெஸ்ட் ஹவுஸில் தியானக்காரர்கள் தூங்கும் நேரம்.

ஓவியா எழுந்து அடுப்படி வாசலில் போய் நின்றாள். சரசு முதுகைக் காட்டிக்கொண்டு குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, அந்த மழைக் கிழவருக்குக் கடைசியில ரூம் குடுத்தானா?" என்றாள், சாதாரணமாக.

"பதினோராவதுலதான் குடுத்தான். அதுக்குள்ள அந்த மனுசன் படாத பாடு..."

கரண்டி நின்றது.

கூடத்திலிருந்து சின்னசாமி பெரிதாக இருமினார். அது இருமல் இல்லை.

"தமிழ்ல பேசுச்சு" என்றாள் சரசு, திரும்பாமலே. "சும்மா ஓடிகினு இருந்துச்சு. காதுல விழுந்துச்சு."

"பன்னெண்டு எபிசோடும் காதுல விழுந்துச்சாம்மா?"

"அந்தப் பையனுக்கு அம்மா இல்லடி. ஒங்கிட்ட மொத எபிசோட்ல அதைச் சொன்னானா? நாலாவதுலதான் சொல்றான். ஆளுங்க மூஞ்சியைப் பார்த்துப் பேச யாரும் சொல்லிக் குடுக்கல. அப்புறமா கத்துக்கறான்." சரசு அடுப்பைக் குறைத்தாள். "நல்ல பையன்தான். நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

சரசுவின் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து ஓவியா கேட்டதில்லை. சிரிக்கவா, கட்டிக்கொள்ளவா என்று தெரியாமல் நின்றாள். இரண்டும் செய்யாமல், "நான் செஞ்சது தப்பும்மா" என்றாள். "உன்னைக் கேட்டிருக்கணும். வேணாம்னா அந்தப் பக்கத்தை இன்னிக்கே எடுத்துடறேன்."

சரசு கரண்டியை எடுத்தாள். குழம்பில் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்தாள்.

"ஆனா ஒண்ணு" என்றாள் ஓவியா. "பொம்மைப் பையனுக்குப் பன்னெண்டு எபிசோட். மாறனுக்கு ஒண்ணுதானா?"

"கேளு, கேளு" என்றது கூடம்.

"நீங்க சும்மா இருங்க!" சரசு திரும்பினாள். "சரி. ரெண்டாவது பார்க்கிறேன். ஆனா இங்க வரக் கூடாது. ரூம் கேட்டு வர்றவனை நம்ம வாசல்ல வெச்சிப் பார்க்கலாம். இவனை இவன் எடத்துல வெச்சிப் பார்க்கணும். அவனுக்கு ஒரு வார்த்தை தெரியக் கூடாது. தெரிஞ்சுதுன்னா..."

"தெரியாது."

மறுநாள் புதன்கிழமை. ஓவியா கடைக்கு லீவு சொன்னாள். கீழ்பென்னாத்தூரில் மாடுகளுக்குத் தடுப்பூசி முகாம் நடக்கிறது, மாறன் அங்கேதான் இருப்பான் என்று அவளுக்குத் தெரியும். பஸ் ஊர் எல்லையைத் தாண்டும்வரைகூட அவள் விரல்கள் சும்மா இருக்கவில்லை. 'அம்மா வர்றா' என்று இரண்டே வார்த்தை. அனுப்பினால் அவன் சட்டையாவது மாற்றிக்கொள்வான். மொபைலைப் பையிலிருந்து எடுத்தாள்.

சரசு கையை நீட்டி அதை வாங்கித் தன் கூடைக்குள் போட்டுக்கொண்டாள். "முன்னாடியே கதை சொல்றது உனக்குப் புடிக்காதுல்ல? எனக்கும் புடிக்காது."

முகாம் ஏரிக்கரைப் புளியமரங்களுக்குக் கீழே நடந்துகொண்டிருந்தது. நாற்பது ஐம்பது மாடுகள், அவற்றைவிடச் சத்தம் போடும் சொந்தக்காரர்கள். நடுவில் மாறன். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், சட்டையில் சாணிக் கறை, தலையில் வைக்கோல். ஞாயிற்றுக்கிழமை வந்த மாப்பிள்ளைக்கும் இவனுக்கும் சம்பந்தமே இல்லை.

"அண்ணா, வாலை முறுக்காதீங்கன்னு எத்தினி தடவை சொல்றது?" என்று ஒருவரிடம் கத்திக்கொண்டிருந்தான். "உங்களுக்கு ஊசி போடும்போது கையை முறுக்கினா சும்மா இருப்பீங்களா?"

ஓவியா கண்ணை மூடிக்கொண்டாள். பட்டியலில் எட்டாவது விஷயம்: பெரியவர்களிடம் குரலை உயர்த்தக் கூடாது.

அடுத்து ஒரு செவலைப் பசு. அதைப் பிடித்து வந்த கன்னியம்மாள் என்ற வயதான அம்மாள் ஒரு கையில் குடையும் ஒரு கையில் கயிறுமாகத் தடுமாறினாள். ஊசியைப் பார்த்ததும் பசு ஒரே இழுப்பு. கயிறு கை நழுவித் தரையில் புரண்டு, சரசுவின் காலடியில் வந்து நின்றது. மாறன் பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் கத்தினான்:

"யம்மா! பச்சைப் பொடவை! கயிறைப் புடிங்க! வேடிக்கை பார்க்கவா வந்தீங்க?"

சரசு பச்சைப் புடவைதான் கட்டியிருந்தாள். கூடையை மகளிடம் கொடுத்தாள். குனிந்து கயிற்றை எடுத்து, கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, இழுத்துப் பிடித்தாள்.

"இன்னும் கிட்ட வாங்க. பயப்படாதீங்க, முட்டாது. ஆங், அப்படித்தான்."

ஊசி போட்டாயிற்று. போட்ட இடத்தை அவன் உள்ளங்கையால் தேய்த்துவிட்டான். பசு ஒரு நொடி யோசித்துவிட்டு, அவன் கழுத்தை ஒரு நீள நக்கு நக்கியது. மாறன் சிரித்தான். கன்னங்கள் மேலேறி, கண்கள் கோடாகி, முழுக்க மூடிக்கொண்டன. எதிரே அவன் நல்ல பெயர் வாங்கவேண்டிய ஆள் யாரும் இல்லை. ஒரு செவலைப் பசு மட்டும்தான்.

சரசு அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விடுங்கம்மா, முடிஞ்சிது" என்று திரும்பியவன், பச்சைப் புடவைக்கு மேலே இருந்த முகத்தைப் பார்த்தான். அதற்குப் பின்னால் கூடையைக் கட்டிக்கொண்டு நின்ற ஓவியாவைப் பார்த்தான். வாய் திறந்தது. கண்கள் இரண்டும் அகல விரிந்தன.

"இப்பதான்டி இவன் கண்ணை முழுசாப் பார்க்கிறேன்" என்றாள் சரசு. "நல்ல கண்ணுதான்."

மாறனுக்குப் பட்டியல் ஞாபகம் வந்துவிட்டது போலும். ஒற்றைக் காலில் நின்று அவசர அவசரமாகப் பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தான்.

"ஐய, போட்டுக்கோ! கீழ எல்லாம் சாணி."

"அம்மா, நான்... நீங்கன்னு தெரியாம... பச்சைப் பொடவைன்னு..."

"பச்சைதானே? சரியாத்தான் சொன்ன."

"வாங்கம்மா, வீடு பக்கத்துலதான். ஒரு காபி..." என்று சொல்லிக்கொண்டே பின்னால் திரும்பிப் பார்த்தான். மாடுகள் வரிசையாக நின்றன. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவன் முகத்தில் இரண்டு பக்கமும் ஓர் இழுபறி நடந்ததை ஓவியா பார்த்தாள். "இன்னும் இருபத்தாறு மாடு இருக்குதும்மா. ரொம்ப நேரம் வெயில்ல நிக்க வெக்க முடியாது. நீங்க அந்த நெழல்ல உக்காருங்களேன், முடிச்சிட்டு வரேன்" என்றான், ஏறக்குறைய அழுகிற குரலில்.

"நீ மாட்டைப் பாரு. நாங்க கெளம்பறோம்" என்றாள் சரசு.

பஸ் ஸ்டாண்டுக்கு விறுவிறுவென்று நடந்தாள். வேகவைத்த மணிலா ஒரு பொட்டலம் வாங்கினாள். பஸ் ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, ஒவ்வொன்றாக உரித்துத் தின்றாள். கயிறு அழுத்திய இடத்தில் அம்மாவின் உள்ளங்கை சிவந்திருந்தது. ஓவியா அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். திட்டினான், கத்தினான், குரலை உயர்த்தினான், விருந்தாளியை வெயிலில் விட்டான். பட்டியலில் பாதிக்கு மேல் போச்சு.

மலை கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தபோது சரசு கையைத் தட்டித் தோலை உதறினாள்.

"மாட்டைப் பார்த்தும் கண்ணை மூடிகினுதான் சிரிக்கிறான்" என்றாள்.

"ஆமாம்மா."

"கோவம் ஜாஸ்தி. வாய் கொஞ்சம் கம்மியா இருக்கலாம்."

"ஆமாம்மா."

"அந்த லிஸ்ட்டை ஒன்ன யாரு போடச் சொன்னது? நல்ல பையனைத் திருடன் மாதிரி ஆக்கி அனுப்பிச்சிட்ட."

சரசு கூடையிலிருந்து மொபைலை எடுத்து மகள் மடியில் வைத்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, யாரோ ஆறாம் நம்பர் ரூமுக்கு வந்தவரிடம் சொல்வதுபோலச் சொன்னாள்:

"ஒரு நாளைக்கு மட்டும்."

ஓவியா மொபைலை எடுத்தாள். முதலில் அழைத்தது மாறனை இல்லை, அப்பாவை. கொல்லையில் மோட்டார் ஓடும் சத்தத்துக்கு நடுவே சின்னசாமி, "என்னாச்சு? ரூம் இருக்கா?" என்று கத்தினார்.

"ஒரு நாளைக்கு மட்டும்னு சொல்லிட்டாப்பா."

மோட்டார் நின்றது. அப்புறம் அவர் சிரித்த சிரிப்பு, முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு மொபைலுக்கு வெளியே வந்தது.

"அப்ப பெட்டியைத் தூக்கிகினு வரச் சொல்லு! இனிமே அவன் எங்க போகப் போறான்?"

"எதுக்கு இந்த மனுசன் இப்படிச் சிரிக்கிறாரு?" என்றாள் சரசு. "இந்தா, இதையும் போய் அந்தப் பக்கத்துல போட்டுடாதே."

"போடலம்மா. உன்னைக் கேக்காம இனிமே எதையும் போட மாட்டேன்."

சரசு கூடையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"அந்த லாரிப் பையன் வேணும்னா போட்டுக்கோ" என்றாள். "அவனுக்கு எத்தினி எபிசோட் ஆனாலும் ரூம் இல்ல."